பச்சை டியூபுக்குள் கற்றாழை எவ்வளவு?

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது மத்திகிரி. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய அரசு கால்நடைப் பண்ணை ஒரு பக்கம். சிப்காட் ஆலைகளுக்கு ஷிஃப்ட் மாறி மாறிப் போய்வருகிறவர்களின் வீடுகள் மறுபக்கம். கர்நாடக எல்லை கூப்பிடு தூரம் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். அதனால் இங்கே கற்றாழைக்கும் மூன்று பெயர். தமிழில் சோற்றுக்கற்றாழை, தெலுங்கில் கலபந்த, கன்னடத்தில் லோளெசர.

பெயர்தான் மூன்று, பழக்கம் ஒன்றுதான். திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் அது பாட்டுக்கு உயிரோடு இருக்கும். வெயிலில் முகம் எரிந்தால் ஒரு மடல் ஒடித்துத் தடவுவார்கள். தலைமுடி கொட்டினால் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவார்கள்.

அதே வீட்டுக் குளியலறையில் இன்னொரு கற்றாழையும் இருக்கும். பச்சை நிற டியூபில், பளபளவென்று, ‘99% ஆலோவேரா’ என்ற எழுத்தோடு. ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் கற்றாழை ஜூஸும் இருக்கலாம். வாசலில் தொங்குவது கற்றாழை என்று பார்த்தாலே தெரியும். டியூபுக்குள் இருப்பதும் கற்றாழைதான் என்று எப்படித் தெரியும்? அதை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு செய்தி நிறுவனம் கேட்டது. கிடைத்த பதில் பலரைத் திடுக்கிட வைத்தது.

2016-ல் வெடித்த செய்தி

2016 நவம்பரில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் ஒரு காரியம் செய்தது. வால்மார்ட், டார்கெட், சிவிஎஸ், வால்கிரீன்ஸ் என்று அமெரிக்காவின் பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்ற கற்றாழை ஜெல்களை வாங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. லேபிளில் கற்றாழைச் சாறு முதல் பொருளாகவோ, தண்ணீருக்கு அடுத்த பொருளாகவோ எழுதப்பட்டிருந்த ஜெல்கள் அவை.

கற்றாழையைக் காட்டிக்கொடுக்கும் மூன்று வேதிப்பொருட்களை ஆய்வுக்கூடம் தேடியது. அசிமன்னான், மாலிக் அமிலம், குளுக்கோஸ். மூன்று கடைகளின் ஜெல்களில் இந்த மூன்றுமே தென்படவில்லை. நான்காவது கடையின் ஜெல்லில் மாலிக் அமிலம் மட்டும் இருந்தது. கற்றாழைக்குப் பதிலாகத் தெரிந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மலிவான பொடி அது.

இந்த ஜெல்களில் சிலவற்றைத் தயாரித்துக் கொடுத்த ‘ஃப்ரூட் ஆஃப் தி எர்த்’ என்ற நிறுவனம் முடிவுகளை ஏற்கவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே வந்த தீர்ப்பு, செய்தியைவிடப் பெரிய ஆச்சரியம். அதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் கற்றாழை மடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மடல், மூன்று அடுக்கு

கற்றாழை மடலைக் குறுக்கே வெட்டினால் மூன்று பகுதிகள் தெரியும்.

வெளியே பச்சைத் தோல். அதை ஒட்டி உள்பக்கம், வெட்டியவுடன் கசியும் மஞ்சள் பால். நாக்கில் பட்டால் கசப்பு தலைக்கேறும். இந்தப் பாலைக் காய்ச்சி உறைய வைத்தால் கிடைப்பதுதான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம். இதன் கசப்புக்கும் பேதிக்கும் காரணமான பொருளின் பெயர் அலோயின்.

நடுவில் இருப்பது நிறமே இல்லாத வழுவழுப்பான சோறு. நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் அந்தச் சோற்றில் 98.5 முதல் 99.5 சதவிகிதம் வரை வெறும் தண்ணீர்! மீதி இருக்கிற அரை சதவிகிதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை சதவிகிதத்தில்தான் சர்க்கரைகள், அமிலங்கள், கால்சியம், மெக்னீசியம் போன்ற தாதுக்கள், அசிமன்னான் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

கற்றாழைச் சோற்றுக்கு வழுவழுப்பைத் தருவது இந்த அசிமன்னான். மானோஸ் என்ற சர்க்கரை மணிமணியாகக் கோத்த நீண்ட சங்கிலி அது. அந்த மணிகளின் மேல் அசிட்டைல் குழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த அமைப்பு கற்றாழைக்கே உரியது என்பதால், ஆய்வாளர்கள் இதைக் கற்றாழையின் கையெழுத்து மாதிரி பார்க்கிறார்கள்.

எம்ஆர்ஐ ஸ்கேனுக்குச் சொந்தக்காரன்

இந்தக் கையெழுத்தைப் படிக்கும் கருவியின் பெயர் என்எம்ஆர். மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே தத்துவம்தான். சக்திவாய்ந்த காந்தத்துக்குள் மாதிரியை வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய இடத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டும்.

நல்ல கற்றாழையில் அசிமன்னானின் கோடுகள், மாலிக் அமிலத்தின் கோடுகள், குளுக்கோஸின் கோடுகள் மூன்றும் சேர்ந்து வரும். மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருந்தால் அதுவும் தனியாகத் தெரியும். மடலைத் தோலோடு அரைத்தார்களா, உள் சோற்றை மட்டும் எடுத்தார்களா என்பதைக்கூட ஐசோசிட்ரேட் என்ற பொருளின் அளவை வைத்துச் சொல்லிவிடலாம்.

அறுத்த மடலைக் காலாகாலத்தில் பதப்படுத்தாமல் போட்டுவைத்தாலும் குட்டு வெளிப்படும். பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான். லாக்டிக் அமிலம் ஏறி, மாலிக் அமிலம் இறங்கியிருந்தால் சரக்கு பழசு என்று அர்த்தம்.

ஒரே ஒரு பொருளை மட்டும் தேடினால் ஏமாந்துவிடலாம். மாலிக் அமிலம் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது, குளுக்கோஸும் அப்படித்தான். யாரும் வாங்கிக் கலந்துவிட முடியும். அதனால் ஆய்வாளர்கள் எல்லாக் குறியீடுகளையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவு சொல்வார்கள். அலோயினை அளக்க ஹெச்பிஎல்சி என்ற இன்னொரு கருவி இருக்கிறது.

25 மில்லிகிராம் கணக்கு

கற்றாழையில் கலப்படம் செய்வது ஏன் இவ்வளவு சுலபம் என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும்.

பெரிய நிறுவனங்கள் கற்றாழைச் சோற்றை அப்படியே டியூபில் அடைப்பது அரிது. உலரவைத்த பொடியாகவே பெரும்பாலும் வாங்குகிறார்கள். சந்தையில் இதை ‘200-க்கு 1’ பொடி என்பார்கள். 200 கிலோ சோற்றை உலர்த்தினால் 1 கிலோ பொடி கிடைக்கும் என்பது கணக்கு. அந்த ஒரு கிலோவில் 199 லிட்டர் தண்ணீரைச் சேர்த்தால் மறுபடியும் கற்றாழைச் சாறு தயார். இதில் தப்பு எதுவும் இல்லை. முறைப்படி செய்தால் அது உண்மையான கற்றாழைதான்.

இப்போது 100 கிராம் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க முழுக்கச் சுத்தமான கற்றாழை என்றே வைத்துக்கொண்டாலும், தண்ணீர் போக அதில் இருப்பது சுமார் அரை கிராம். சர்வதேச கற்றாழை அறிவியல் கவுன்சில் என்ற தொழில் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் சான்றிதழ் வேண்டுமென்றால் உலர் எடையில் குறைந்தது 5 சதவிகிதம் அசிமன்னான் இருக்க வேண்டும். அரை கிராமில் 5 சதவிகிதம் என்றால் 25 மில்லிகிராம். இரண்டு விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு!

அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் 100 கிராமில் அரை கிராம்தான். அந்த அரை கிராமில் பாதியை மால்டோடெக்ஸ்ட்ரினாக மாற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பொடியை உலர்த்தும்போது கட்டிபடாமல் இருக்க மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லிச் சேர்த்தால் அது தயாரிப்பு முறை. சொல்லாமல் சேர்த்து, முழுவதும் கற்றாழை என்று விலை போட்டால்தான் மோசடி.

இது இன்று நேற்றுத் தொடங்கிய கதையும் அல்ல. 2007-ல் ‘ஃபுட் கெமிஸ்ட்ரி’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, சந்தையில் கிடைத்த ஒன்பது கற்றாழைப் பொடிகளைப் புது மடலோடு ஒப்பிட்டுப் பார்த்தது. திருப்தியான அளவு அசிமன்னான் இருந்தது மூன்றில் மட்டும்தான்.

நீதிமன்றம் சொன்ன ஆச்சரியப் பதில்

இப்போது அந்த அமெரிக்க வழக்குக்கு வருவோம். ‘கற்றாழை என்று நம்பி வாங்கினோம், ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு, ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2020 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஜெயித்தது நிறுவனங்கள்.

வழக்கு விசாரணையில் கிடைத்த ஆதாரங்களின்படி, பொருட்கள் கற்றாழையிலிருந்துதான் தயாரிக்கப்பட்டன. அசிமன்னானும் கொஞ்சம் இருந்தது. ‘அது மிகவும் குறைவு’ என்றார்கள் வாடிக்கையாளர்கள். ‘எவ்வளவு இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?’ என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. 5 சதவிகிதம் என்பது ஒரு தொழில் அமைப்பு தன் சான்றிதழுக்காக வைத்துக்கொண்ட அளவு, சட்டம் அல்ல. கடையில் ஜெல் வாங்கும் சாதாரண ஆள், இத்தனை சதவிகிதம் அசிமன்னான் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வாங்குகிறார் என்பதற்கும் ஆதாரம் காட்டப்படவில்லை.

ஆய்வுக்கூடம் ஒரு எண்ணைத்தான் தரும். அந்த எண் பாஸா, ஃபெயிலா என்று சொல்ல, முதலில் யாராவது ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். கோடு இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் வாடிக்கையாளரைக் காப்பாற்ற முடியாது. மத்திகிரிக் கடையில் டியூப் வாங்குகிறவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

தடவுவது வேறு, குடிப்பது வேறு

முகத்தில் தடவும் ஜெல்லில் கற்றாழை குறைவாக இருந்தால் நஷ்டம் பணத்துக்கு. குடிக்கும் ஜூஸில் விவகாரம் வேறு. அங்கே கற்றாழை இருக்கிறதா என்பதோடு, இருக்கக் கூடாத மஞ்சள் பால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அலோயின் உள்ள மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. அது கலந்த கடைச்சரக்கு மலமிளக்கிகளைப் பாதுகாப்பானவை என்று ஏற்க முடியாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-ல் முடிவெடுத்தது. அந்நாட்டின் தேசிய நச்சியல் திட்டம், பால் நீக்காத முழு மடல் சாற்றைக் குடிநீரில் கலந்து எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தது. அவற்றின் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதன் பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, முழு மடல் சாற்றை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது.

பயந்துபோய் வாசல் கற்றாழையைப் பிடுங்கிப் போட வேண்டாம். இந்த எச்சரிக்கை மஞ்சள் பால் நீக்கப்படாத முழு மடல் சாற்றுக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட மூலிகை நூலிலேயே கற்றாழைப் பாலுக்குத் தனி அத்தியாயம், கற்றாழைச் சோற்றுக்குத் தனி அத்தியாயம். இரண்டும் ஒரே செடியில் இருந்தாலும் இரண்டு வேறு மருந்துகள். பால் கலந்த மருந்தைக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது அந்த நூல்.

குடிக்கும் கற்றாழைச் சாற்றில் அலோயின் 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச கற்றாழை அறிவியல் கவுன்சில் வைத்திருக்கும் வரம்பு. 10 பிபிஎம் என்றால் ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம்.

இதைத்தான் நம் பாட்டிமார் வேறு மொழியில் சொல்லியிருக்கிறார்கள். மடலை வெட்டியதும் செங்குத்தாக நிறுத்தி, மஞ்சள் நீர் வடியும்வரை காத்திருப்பார்கள். தோலைச் சீவி, சோற்றை எடுத்து, ‘ஏழு தண்ணி விட்டுக் கழுவு’ என்பார்கள். சித்த மருத்துவத்திலும் இதே முறைதான். கசப்புப் போகும்வரை கழுவுவதென்பது அலோயின் போகும்வரை கழுவுவதுதான். அலோயின் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் அந்த ஏழு தண்ணீருக்கு நல்ல பலன் உண்டு.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

யூடியூபைத் திறந்தால் ‘அசல் ஆலோவேரா கண்டுபிடிப்பது எப்படி’ என்று வரிசையாக வீடியோக்கள். அவற்றில் எது நிஜத்தைச் சொல்லும், எது சொல்லாது?

நிறம்: இது ஓரளவு உதவும். கற்றாழைச் சோற்றுக்கு நிறமே கிடையாது. டியூபில் இருக்கும் இளம்பச்சை, கலந்த சாயம். லேபிளின் கடைசியில் சிஐ 42090, சிஐ 19140 என்ற எண்கள் இருந்தால், முன்னது நீலம், பின்னது மஞ்சள். இரண்டும் சேர்ந்தால் பச்சை. சாயம் இருப்பதால் கற்றாழை இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் பச்சையைப் பார்த்து ‘எவ்வளவு இயற்கையா இருக்கு!’ என்று மயங்க வேண்டாம்.

கெட்டித்தன்மை: பலர் ஏமாறும் இடம் இதுதான். வீட்டில் எடுத்த கற்றாழைச் சோற்றை மிக்ஸியில் அடித்து வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நீர்த்துப்போகும். கடை ஜெல் மாதக்கணக்கில் ஜெல்லி போலத் துள்ளிக்கொண்டு நிற்கிறது என்றால், அந்தக் கெட்டித்தன்மை கற்றாழையுடையது அல்ல. கார்போமர் போன்ற கெட்டியாக்கும் பொருளின் வேலை.

உப்புச் சோதனை: ஒரு தட்டில் கொஞ்சம் கடை ஜெல்லை வைத்து, மேலே தூள் உப்பைத் தூவிக் கலக்குங்கள். சில நொடிகளில் ஜெல் உடைந்து தண்ணீராக ஓடினால், அதில் கார்போமர் இருக்கிறது. கார்போமர் உப்பைத் தாங்காது. பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நல்ல வேடிக்கை. ஆனால் கார்போமர் இருப்பதைத்தான் இது காட்டும். கற்றாழை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது.

அயோடின் சோதனை: டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டு, கருநீலமானால் மாவுச்சத்து கலப்படம். இதுவரை சரி. ஆனால் மால்டோடெக்ஸ்ட்ரினில் பல ரகம் உண்டு. சிலவற்றில் செம்பழுப்பு நிறம் வரும், சிலவற்றில் நிறமே மாறாது. நிறம் மாறவில்லை என்பதற்காகச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

நுரை வருகிறதா, எரிகிறதா, தண்ணீரில் மிதக்கிறதா என்பவற்றுக்கும் கற்றாழைக்கும் சம்பந்தம் இல்லை.

ஜூஸுக்கு மட்டும் நாக்கு ஒரு துப்புக் கொடுக்கும். கடுங்கசப்பும், குடித்த பிறகு வயிற்றுவலியும் பேதியும் இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ‘கழிவு வெளியேறுது, நல்லதுதான்’ என்று தொடராதீர்கள். சர்க்கரை நோய்க்கு, இதயத்துக்கு, சிறுநீரகத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டுச் சோதனையைவிட அதிகம் சொல்வது லேபிளின் பின்பக்கம். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள்படி, 1 சதவிகிதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவு அதிகமுள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். 1 சதவிகிதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை அதன் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம்.

• முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், கார்போமர், பதப்படுத்தி, வாசனை, அதற்கும் பிறகு கற்றாழை என்று வரிசை இருந்தால், கற்றாழை பெயருக்குத்தான் என்று புரிந்துகொள்ளலாம். வாசனையும் பதப்படுத்தியும் பெரும்பாலும் 1 சதவிகிதத்துக்கும் குறைவாகவே சேர்க்கப்படும்.

• ‘99%’ என்று முன்பக்கம் இருந்தால், எது 99 சதவிகிதம் என்று பின்பக்கம் தேடுங்கள். மடல் சாறா, பொடியைக் கரைத்த நீரா, ‘எக்ஸ்ட்ராக்ட்’டா? எக்ஸ்ட்ராக்ட் என்ற சொல் எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்வதில்லை.

• ஜூஸ் பாட்டிலில் ‘உள் சோறு’ மட்டுமா, ‘முழு மடலா’ என்று பாருங்கள். முழு மடல் என்றால், அலோயின் நீக்கப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும்.

• உணவாக விற்கும் ஜூஸில் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்றால் மருந்து உரிம எண். அழகுசாதனப் பொருளுக்கு உற்பத்தி உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி கட்டாயம்.

ஒன்றை மறக்க வேண்டாம். உரிம எண் என்பது தயாரிக்கும் இடத்துக்கான அனுமதி. டியூபில் இத்தனை சதவிகிதம் கற்றாழை இருக்கிறது என்று அரசு கொடுத்த உத்தரவாதம் அல்ல. நிறமிகளில் ஈயம், ஆர்சனிக் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு இருக்கிறது. அவை, அந்தப் பொருள் உங்களுக்குத் தீங்கு செய்யாமல் இருக்க. கற்றாழை எவ்வளவு என்பது வேறு கேள்வி.

சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு

பலருக்குத் தெரியாத ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-வது பிரிவு. அதன்படி, காசு கொடுத்து வாங்கிய மருந்தையோ அழகுசாதனப் பொருளையோ, எந்தக் குடிமகனும் உரிய விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்து, அரசு ஆய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறவும் உரிமை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் அமைப்பு மூலமாகவும் கொடுக்கலாம்.

ஜூஸுக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 40-வது பிரிவின்படி, வாங்கியவரே உணவை ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, வாங்கும்போதே ‘இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவு வந்தால், கட்டிய ஆய்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சந்தேகம் வரும். பொருள் தயாரானது கர்நாடகத்தில், வாங்கியது மத்திகிரியில். எங்கே புகார் கொடுப்பது? இந்த இரண்டுமே மத்தியச் சட்டங்கள். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் மாறிவிடாது. வாங்கிய ஊரிலேயே புகார் கொடுக்கலாம். உணவு என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர், ஜெல், க்ரீம் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகம். விளம்பரம் பொய் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். அதனால் 80 ரூபாய் டியூப் ஆனாலும் பில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலிருந்தே சோப்பு செய்கிறவர்களுக்கு

கற்றாழை சோப்பு, ஜெல், ஷாம்பூ செய்து விற்கும் மகளிர் குழுக்களும் வீட்டுத் தொழில்முனைவோரும் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். போலிப் பொடியால் அதிகம் அடிபடுவது இவர்கள்தான். நேர்மையாகச் செய்ய நினைத்து வாங்கிய மூலப்பொருளே பாதி மால்டோடெக்ஸ்ட்ரினாக இருந்தால், பழி வந்து விழுவது இவர்கள் பெயர் ஒட்டிய டப்பாவின் மேல்.

பொடி வாங்கும்போது, அந்த பேட்ச்சுக்கான ஆய்வுச் சான்றைக் கேளுங்கள். அதில் அசிமன்னான் எத்தனை சதவிகிதம், மால்டோடெக்ஸ்ட்ரின் உண்டா இல்லையா, அலோயின் எத்தனை பிபிஎம், நுண்ணுயிர் எண்ணிக்கை என்ன என்ற நான்கும் இருக்க வேண்டும். சான்று கொடுத்த ஆய்வுக்கூடத்துக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஓசூர் பகுதிக்காரர்களுக்குப் பெங்களூரு ஆய்வுக்கூடங்கள் பக்கம். மைசூருவில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உணவுப் பொருட்களை ஆய்வு செய்து கொடுக்கிறது.

சோப்பு செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சோப்புக்குச் சேர்க்கும் காஸ்டிக் காரம், அசிமன்னானின் மேல் இருக்கும் அசிட்டைல் குழுக்களைக் கழற்றிவிடும். நல்ல கற்றாழையைப் போட்டிருந்தாலும், சோப்பைச் சோதித்தால் அந்தக் கையெழுத்து தெரியாமல் போகலாம். எனவே, மூலப்பொருளின் சான்றையும் வாங்கிய பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அவைதான் சாட்சி.

வாசலில் தொங்கும் பதில்

தடவிக்கொள்ள மட்டும்தான் வேண்டும் என்றால், ஆய்வுக்கூடம் தேவைப்படாத கற்றாழை தொட்டியிலேயே இருக்கிறது. அடிப்பக்கத்து முற்றிய மடலாகப் பார்த்து அறுத்து, கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து மஞ்சள் நீரை வடியவிடுங்கள். தோலைச் சீவி, சோற்றை ஏழு தண்ணீரில் அலசுங்கள். முதல் முறை என்றால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் உங்களுக்குக் கற்றாழை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும், பதப்படுத்தி எதுவும் இல்லையே!

ஷிஃப்டுக்கு ஓடுகிறவருக்குத் தினமும் மடல் சீவ நேரம் இருக்காது. டியூப் வாங்கத்தான் செய்வார். வாங்கட்டும். அடுத்த முறை அதைக் கையில் எடுக்கும்போது, முன்பக்கப் பச்சைப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், பின்பக்கச் சின்ன எழுத்தை ஒரு நிமிடம் படித்தால் போதும். கலபந்த என்று கேட்டு வாங்கினாலும், லோளெசர என்று கேட்டு வாங்கினாலும், கொடுத்த காசுக்குக் கற்றாழை இருக்க வேண்டும்.